பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து

முகம்மது ஆசிக்கின் கல்யாணத்தில் எல்லாம் முடிவாகியிருந்தது. பெண் வடகரை முஹ்ஸினா. மாப்பிள்ளைக்குக் குற்றாலத்தில், ஐந்தருவி போகும் வழியில் பழக்கடை. மண்டபம் பேசியாயிற்று, பிரியாணிக்கு ஆள் சொல்லியாயிற்று, யாரையெல்லாம் அழைக்கக் கூடாது என்பதில்கூட இரண்டு வீட்டாருக்கும் ஒற்றுமை வந்துவிட்டது. கல்யாணம் மாட்டிக்கொண்டது பத்திரிகையில்.

தென்காசியில் எபனேசரின் அச்சகத்தில் புரூஃப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு பக்கம் ‘தீன்குலச் செல்வி முஹ்ஸினா, பி.இ.,’ என்று இருந்தது. எதிர்ப் பக்கம் ‘தீன்குலச் செல்வன் முகம்மது ஆசிக்’. அதற்குப் பின்னால் வெறும் வெள்ளைத் தாள். பெண்ணின் வாப்பா அப்துல் மஜீது பாதி ஆயுளைத் துபாயில் ஒரு கடையின் கல்லாவில் கழித்துவிட்டு வந்தவர். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். வெள்ளை அப்படியே இருந்தது.

“என்ன எபனேசரு, மாப்ள பேரு மொட்டையா நிக்கி.”

எபனேசர் தொழில் தெரிந்தவர். அந்த இடத்தில் ஒரு ரோஜாப் பூ வைத்து நிரப்பிவிடலாம் என்றார். பூவைப் பார்த்ததுமே மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்பார்கள் என்றார் மஜீது. பிளஸ் டூ என்று போடலாமா என்று ஆசிக் மெதுவாகக் கேட்டான். அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கூடக் கொஞ்சம் தயங்கியது போலிருந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையை வெளியூர்க்காரர்கள் தேதிக்கும் மண்டபத்துக்கும் பார்ப்பார்கள். நாங்கள் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தாய்மாமன், சித்தப்பா, சித்தப்பாவின் மைத்துனர் என்று எல்லாருக்கும் பின்னால் எழுத்துகள் வரிசையாக நிற்க வேண்டும். பரீட்சையில் தோற்றவர்கூட ‘பி.ஏ.’ போட்டு ஒரு கமாவும் வைப்பார். இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

மஜீது கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கடையநல்லூரில் எம்.பி.ஏ. படித்த ஒரு பையனை முதலில் பேசி, அது முஹ்ஸினாவின் பிடிவாதத்தால் தள்ளிப்போயிருந்தது. அந்த வீட்டார் இன்னும் ஸலாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை அவர் ஜாடையாகச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

“நாலு எழுத்து வாங்கிட்டு வாங்க மாப்ள. பொறவு அச்சடிப்போம்.”

ஆசிக்குக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. முஹ்ஸினாவை இழக்க அவனால் முடியாது. பெண் பார்க்கப் போன அன்று அவன் ஒரு கூடை மங்குஸ்தான் கொண்டுபோயிருந்தான். எல்லாரும் நல்ல பழம் என்று புகழ்ந்தபோது, மேலே இருப்பது நல்ல பழம்தான், அடியில் இருப்பது மழையில் நனைந்த சரக்கு, சரியிருக்காது என்று சபையில் சொல்லிவிட்டான். அவன் உம்மா அவன் தொடையைக் கிள்ளினாள். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுநாள் சம்மதம் வந்தது. அந்தச் சிரிப்புக்காக அவன் எந்தப் பரீட்சையும் எழுதத் தயாராக இருந்தான்.

எழுத்து எங்கே கிடைக்கும் என்று அவன் கேட்கும் முன்பே எபனேசர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். எதிர்ச் சாரியில் பரோட்டாக் கடைக்கு மேலே, கட்டடத்தைவிடப் பெரிய போர்டு ஒன்று இருந்தது. ‘பொதிகைச் சாரல் அகில உலக வன்பொருள் மற்றும் வலையமைப்புக் கல்விப் பேரவை.’ படித்து முடித்தால் பெயருக்குப் பின்னால் சி.எச்.என்.டி. என்று போட்டுக்கொள்ளலாம். சரியாக நாலு எழுத்து. ரிசல்ட் வந்தவுடன் முதலில் தனக்குத்தான் போன் வரும் என்றார் எபனேசர், மாணவருக்குப் பிறகு சொல்வார்கள்.

பேரவையின் இயக்குநர் கௌரிசங்கர். அவர் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள் பெயர்ப் பலகையில் இடம் போதாமல் மாடிப்படிச் சுவரில் இறங்கி, திருப்பத்தில் திரும்பி, பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. கடைசி எழுத்தில் எண்ணெய் தெறித்திருந்தது. ஆசிக் அதை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே ஏறி மேலே போனபோது மூச்சு வாங்கியது.

கௌரிசங்கர் அவனை உட்கார வைத்துத் துறையை அறிமுகம் செய்தார்.

“தம்பி, கம்ப்யூட்டர்னா என்ன? சுருக்கப் பேரு. ரேம், ரோம், லேன், வேன், பயாஸ். உலகத்துல எந்த மூலைல மெஷின் படுத்தாலும் மொதல்ல என்ன கேக்கான்? பேரைக் கேக்கான். பேரைச் சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது. மீதிப் பாதிக்கு ஆள் வருவான். நம்ம பேரவைல அந்த மீதிப் பாதிய நடத்துறதில்ல. நான் எத்தனையோ வருஷமா இந்தத் துறைல இருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு ஸ்க்ரூ இந்தக் கையில பட்டது கெடையாது.”

கையை நீட்டிக் காட்டினார். சுத்தமாகத்தான் இருந்தது.

பேரவையில் கம்ப்யூட்டர் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வகுப்பறைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் பட்டுத்துணி விரித்த மேஜையில் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். பூஜை அன்று ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். அந்த ஓய்வை இதுவரை யாரும் கலைக்கவில்லை. கதவில் ‘தொடாதீர்கள். செய்முறைப் பயிற்சிக்கு உரியது’ என்று எழுதியிருந்தது. மாணவர்கள் வகுப்புக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போவார்கள். அதுதான் செய்முறை.

பாடம் நடத்தியது வித்யாலட்சுமி டீச்சர். அவர் சுருக்கப் பெயரைச் சொல்வார், வகுப்பு சேர்ந்து விரிவைச் சொல்லும். “ரேம்” என்பார். “ரேண்டம் ஆக்சஸ் மெமரி” என்று கூரை அதிரும். “டி.எச்.சி.பி.” என்பார். “டைனமிக் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் புரோட்டோகால்” என்று கீழே பரோட்டா அடிப்பவர் வரை கேட்கும். அவருக்கு அந்த வரிசை மனப்பாடம், அடிக்கும் தாளமும் அதுதான்.

கூடப் படித்தவர்களில் யாருக்கும் கம்ப்யூட்டரோடு பகை இல்லை, உறவும் இல்லை. ராயகிரி சுந்தரபாண்டிக்கு உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் எண்ணம், ஃபிளெக்ஸில் பெயருக்குப் பின்னால் கொஞ்சம் கனம் வேண்டியிருந்தது. வீரகேரளம்புதூர் பொன்செல்விக்கு நாத்தனார் பி.எட். முடித்துவிட்ட வருத்தம். மற்றவர்கள் எல்லாரும் ஆசிக்கைப் போலப் பத்திரிகைக்காரர்கள். ஒவ்வொரு பேட்சும் முகூர்த்த நாளை ஒட்டியே முடியும். ஆடி மாதம் பேரவைக்கு முழு விடுமுறை. ஆடியில் கல்யாணம் கிடையாது, கல்யாணம் இல்லாத மாதத்தில் வலையமைப்பு எதற்கு என்பது நிர்வாகத்தின் கருத்து.

வகுப்புக்குள் சுருக்கப் பெயர்களில் மட்டுமே பேச வேண்டும் என்பது விதி. டீ குடிக்கப் போவது டி.பி., வெளியே ஒதுங்குவது யு.பி., தலைவலிக்கு எச்.பி. ஒருநாள் மழைக்குப் பயந்து ஒரு சாரைப் பாம்பு படியேறி வகுப்புக்குள் வந்துவிட்டது. முதலில் பார்த்தவர் சுந்தரபாண்டி. பாம்புக்குச் சுருக்கப் பெயர் பாடத்தில் இல்லாததால் அவர் வாயைத் திறந்தபடி விரலை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். அது பெஞ்சுகளுக்கு அடியில் சாவகாசமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிப் போனது. விதியை மீறாமல் நின்றதற்காக அவருக்கு ஒழுக்கப் பரிசு கிடைத்தது.

ஆசிக் காலையில் கடையில் நின்று பழம் விற்றுக்கொண்டே மனப்பாடம் செய்தான். பழத்தைக் கூவுகிற ராகத்திலேயே அதையும் கூவினான். “மங்குஸ்தான், ரம்புட்டான், மதர்போர்டு, மீடியா ஆக்சஸ் கன்ட்ரோல்” என்று அவன் கூவியபோது மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் கடைசிப் பழம் என்ன விலை என்று கேட்டது. நாலைந்து வாரத்தில் எல்லாம் வாயில் வந்துவிட்டது. அங்கேதான் வினை பிடித்தது. வாய்க்கு வந்த பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் அவனுக்கு ஆசை வந்தது.

“டீச்சர், இந்த ரேமு எங்கன இருக்கும்?”

வித்யாலட்சுமியின் முகம் வெளுத்துவிட்டது. வாசலைப் பார்த்தார், கண்ணாடி அறையைப் பார்த்தார், கடைசியில் இயக்குநரைக் கூப்பிட ஓடினார். அன்று மாலையே ஆசிக்குக்கு மெமோ வந்தது. குற்றம்: ‘பாடத்திட்டத்திற்கு வெளியே ஆர்வம் காட்டியது.’ மறுநாள் விசாரணை. ரேம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வதாக இருந்தாய் என்று கௌரிசங்கர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றும் செய்வதாக இல்லை, சும்மா பார்க்கத்தான் என்றான் அவன். முதலில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று கௌரிசங்கர் பெருமூச்சு விட்டார். அவன் வயதை உத்தேசித்து எச்சரிக்கையோடு விட்டார்கள்.

சாயங்காலம் முஹ்ஸினாவிடம் போனில் இதைச் சொன்னான். அவள் கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.இ. படித்தவள், அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் சிரித்த சிரிப்பில் போனே குலுங்கியது.

“எங்க காலேஜ்ல ஒருநாளு சார் தூக்கிக் காட்டுனாவ. நான் கடைசி பெஞ்சு. பச்சையா, சீப்பு மாதிரி என்னமோ தெரிஞ்சுது. அதான் ரேமா, இல்ல சார் சட்டைப் பையில இருந்த சீப்பான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

ஆனி மாதக் கடைசியில் தொழிலகப் பார்வை வந்தது. மாணவர்களை ஏதாவது ஒரு தொழிற்கூடத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று விதி. குற்றாலத்தில் சீசன், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே இயக்குநர் துண்டும் எண்ணெயும் எடுத்து வரச் சொன்னார். வேனில் ஏறி எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம் என்று எழுத எனக்கும் ஆசைதான், நான் போகவில்லை. போனவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். அருவிக்கு முன்னால் மாணவர்களை நிற்க வைத்து, கௌரிசங்கர் நனைந்தபடியே பாடம் நடத்தினார்.

“மேல இருந்து வருது பாத்தீங்களா, இது டவுன்லோடு. கீழ இருந்து மேல போனா அப்லோடு. அது நம்ம ஊர்ல கம்மி. அஞ்சு கிளையா விழுகுதுல்லா, இது லேன். மெயினருவி வேன். தண்ணி கூடுனா போலீஸ்காரர் விசிலடிச்சு எல்லாரையும் வெளிய தள்ளுதாரே, அவரு ஃபயர்வால்.”

ஃபயர்வால் அந்த நேரம் பார்த்து விசிலடித்து முதலில் இயக்குநரைத்தான் வெளியே தள்ளியது. ஈரத்துண்டோடு நின்று எடுத்துக்கொண்ட போட்டோ அடுத்த வருஷத்து நோட்டீஸில் ‘மாணவர்கள் நேரடிப் பயிற்சியில்’ என்ற தலைப்போடு வந்தது.

திரும்பும் வழியில் கௌரிசங்கர் ஆசிக்கின் கடையில் நின்றார். தம்பி சலீம் எடைபோட, ஆசிக் ஒவ்வொரு மங்குஸ்தானாகக் கையில் எடுத்துப் பார்த்துச் சிலதை ஒதுக்கினான். ஏன் என்று கேட்டார். கல்லு மாதிரி இருந்தால் உள்ளே கெட்டிருக்கும், கனம் இல்லாவிட்டால் உள்ளே வற்றியிருக்கும் என்றான் அவன். திறக்காமல் எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். கையில் எடுத்தால் தெரியும் என்றான்.

“அதுக்குச் சுருக்கப் பேரு ஏதும் இருக்கா தம்பி?”

“இல்ல சார்.”

“அப்பம் அது படிப்பு இல்ல. பழக்கம்.”

தேர்வு நாளன்று தலைமையகத்திலிருந்து வெளித் தேர்வாளர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். கௌரிசங்கரே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அவரை வரவேற்க இயக்குநர் ஊரில் இல்லாததற்கு அவரே வருத்தம் தெரிவித்தார். ஆசிக் பழம் கூவும் குரலில் எல்லா விரிவையும் ஒரே மூச்சில் சொன்னான். கோட்டு அசந்துபோய் அவனுக்கு முதலிடம் கொடுத்தது. அதே வாரம் வித்யாலட்சுமி டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்டுவிட்டார். அவர் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்து வேலை செய்துவிட்டது. காலியான இடத்துக்கு, தொண்டை கணீரென்று இருக்கிற காரணத்தால், ஆசிக்கையே பயிற்றுநராகப் போட்டார்கள். அவன் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தான். மஜீதின் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

எபனேசர் அச்சகத்தில் புதுப் புரூஃப் தயாராக இருந்தது. ‘முகம்மது ஆசிக், சி.எச்.என்.டி.,’ என்று நாலு எழுத்தும் ஒரு கமாவும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. மஜீது அதைத் தடவிப் பார்த்தார். பிறகு பார்வை கீழே இறங்கியது. ‘தங்கள் நல்வரவை விரும்பும் அப்துல் மஜீது’ என்று இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

“ஏன் எபனேசரு,” என்றார் மஜீது, “இப்பம் நான்லா மொட்டையா நிக்கேன்.”

ஆவணி பேட்சில் மஜீது சேர்ந்தார். போன பேட்சில் தேறாத சுந்தரபாண்டியும் பொன்செல்வியும் அதிலேயே மறுபடி சேர்ந்திருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் தேர்வில் தேறும்வரை பத்திரிகை அச்சாகாது, பத்திரிகை அச்சாகாதவரை கல்யாணம் இல்லை. ஆசிக் தன் வருங்கால மாமனாரைத் தேற வைத்தாக வேண்டும். மஜீதுக்கு ஒரு விரிவும் வாயில் நிற்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து பழகிய மனிதர், எதையும் எண்ணிப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். ரேம் என்றால் எத்தனை, யாருக்குக் கொடுக்கணும் என்று கேட்பார்.

கண்ணாடி அறையைத் துடைத்து மாலை மாற்றுவது பயிற்றுநரின் பொறுப்பு. சாவி கைக்கு வந்த முதல் நாள், ஆசிக் பட்டுத்துணியை மாற்றுவதற்காக அந்த கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். அது ஒரு கையோடு வந்துவிட்டது. பழக்காரன் கை பொய் சொல்லாது. பக்கப் பலகையைத் திறந்து பார்த்தான். உள்ளே காற்றும் ஒரு குளவிக் கூடும்தான் இருந்தன, அந்தக் கூட்டில் குளவிகூட இல்லை. மாலையைத் திரும்பப் போட்டான். குங்குமத்தைச் சரிசெய்தான். அப்படிச் செய்தபோது அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் முடிந்துவிடும், அப்புறம் இந்தப் படியேற வேண்டாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனான்.

அன்றுதான் மஜீது கையைத் தூக்கினார். துபாயிலும் வடகரையிலும் யாரிடமும் கேட்கக் கூச்சப்படாத மனிதர்.

“மாப்ள, சாரே, இந்த ரேமுன்னு ஒண்ணு சொல்லுதீங்களே, அது எங்கன இருக்கும்?”

கதவருகே கௌரிசங்கரின் நிழல் தெரிந்தது. ஆசிக் கண்ணாடி அறையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

“அது சிலபஸ்ல இல்ல மாமா.”

மஜீது தலையாட்டினார். நிழலும் தலையாட்டியது. வீட்டுக்குப் போன மஜீது, தான் கேட்ட கேள்விக்கு மாப்பிள்ளை பதிலே சொல்லவில்லை, அவ்வளவு பெரிய வாத்தியார் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் முஹ்ஸினாவிடமிருந்து போன் வந்தது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

“அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் கொஞ்சம் மழுப்பிப் பார்த்தான். கடைசியில் ஒன்றும் இல்லை என்று சொன்னான்.

“அன்னைக்குக் கூடையில அடியில கெடந்த பழத்தச் சபையில சொன்னீங்கல்லா. அதுக்குத்தான் நான் சரின்னேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.”

போன் வைக்கப்பட்டது. கடை வாசலில் ரம்புட்டான் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் அழுகிய பழங்களைப் பொறுக்கி எறிந்தான். எழுத்து இருந்தால் வாப்பா தருவார், எழுத்துக்காகப் பொய் சொன்னால் மகள் வரமாட்டாள். இதற்கு எந்தப் பாடத்திலும் விரிவு இல்லை.

மறுநாள் வகுப்பு தொடங்கியதும் ஆசிக் கண்ணாடி அறையைத் திறந்தான். பெட்டியை மாலையோடு ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்து மஜீதின் மேஜையில் வைத்தான். பக்கப் பலகையைக் கழற்றினான். எல்லாரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். குளவிக் கூட்டைப் பார்த்து, அதுதான் மதர்போர்டா என்று பொன்செல்வி கேட்டாள்.

“மாமா, மேல மாலை நல்லாத்தான் இருக்கு,” என்றான் ஆசிக். “உள்ள சரக்கு இல்ல. நேத்தே எனக்குத் தெரியும். நான் சொல்லல.”

கௌரிசங்கர் உள்ளே வந்தார். அவர் பதறவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஆண்டு விழாவில் பேசுவது போலக் குரலைச் சரிசெய்துகொண்டார்.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. உள்ள ஏதாவது இருந்தா அது எப்பம்னாலும் கெட்டுப்போவும். இல்லாதது கெட்டுப்போவாது. நம்ம பேரவை தொடங்குன நாள்ல இருந்து இந்த கம்ப்யூட்டர் ஒருநாளாவது ரிப்பேர் ஆனதுண்டா? வைரஸ் வந்ததுண்டா? தமிழ்நாட்டுல வேற எந்த நிறுவனமாவது நெஞ்சத் தட்டி இதச் சொல்ல முடியுமா?”

வகுப்பு கைதட்டியது. சுந்தரபாண்டி எழுந்து நின்று தட்டினார், இந்தப் பேச்சு தேர்தலுக்கு உதவும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கைதட்டல் ஓய்ந்ததும் கௌரிசங்கர் அங்கேயே போனை எடுத்து எபனேசரைக் கூப்பிட்டு, ஆசிக்கின் நாலு எழுத்தையும் பேரவை திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தார். கமா மட்டும் மனிதாபிமான அடிப்படையில் இருக்கட்டும் என்றார்.

மஜீது மட்டும் கைதட்டவில்லை. பெட்டிக்குள் ஒருமுறை கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த எழுத்துகளையெல்லாம் தாண்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

வடகரையில் அன்று நடந்ததை ஆசிக்குக்குப் பிற்பாடு முஹ்ஸினாவின் உம்மா ஹைருன் பீவிதான் சொன்னாள். வாப்பா வந்ததும் வராததுமாக, கடையநல்லூருக்குச் சொல்லி அனுப்பப்போவதாகச் சத்தம் போட்டாராம். மாப்பிள்ளையிடம் இருந்த நாலு எழுத்தும் போய்விட்டது, ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்றாராம். முஹ்ஸினா சமையலறையிலிருந்து வந்து நின்று, அமைதியாகப் பேசினாளாம்.

“வாப்பா, எம்.பி.ஏ.வப் பத்திரிகையில போட்டுக்கிடுங்க. நான் இவுகளக் கட்டிக்கிடுதேன். என் பேருக்குப் பின்னால இருக்கறதையும் எடுத்துரச் சொல்லுங்க. எனக்கும் அந்தப் பெட்டியத் திறக்கத் தெரியாது.”

மஜீது இரண்டு நாள் சாப்பாட்டில் குறை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் எபனேசர் அச்சகத்துக்குப் போய், இரண்டு பெயரையும் மொட்டையாகவே அடிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்காமல் வந்துவிட்டார். எபனேசர் தம் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு பத்திரிகை அடித்ததே இல்லை. கமாவையும் எடுக்கணுமா என்று போன் செய்து கேட்டார். எடுக்கணும் என்று பதில் வந்தது.

பத்திரிகை ஊருக்குள் போனது. வடகரையிலிருந்து செங்கோட்டை வரை எல்லாரும் அதை வாங்கிப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். கல்யாணத்தன்று மண்டபத்தில் ஒரே கிசுகிசு. எழுத்தே போடவில்லை என்றால் எவ்வளவு பெரிய படிப்பாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கலெக்டர் பரீட்சை என்றார் ஒருவர். இல்லை, ராக்கெட் விடுகிற இடம், வெளியே சொல்லக் கூடாது, கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். மாப்பிள்ளை எந்த டிபார்ட்மெண்ட் என்று மஜீதிடமே வந்து ரகசியமாகக் கேட்டார்கள். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. நெஞ்சை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

கௌரிசங்கரும் வந்திருந்தார். மறு பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பத்திரிகையையும் அதைச் சுற்றி நடந்த பேச்சையும் கவனித்துக்கொண்டிருந்தார். மணமக்களை வாழ்த்திவிட்டு அவசரமாகக் கிளம்பினார்.

அடுத்த வாரம் பரோட்டாக் கடைக்கு மேலே புதுப் போர்டு ஏறியது. பேரவை ஒரு மேல்நிலைப் படிப்பைத் தொடங்கியிருந்தது. அதில் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் எதுவும் போடாமலிருக்கும் தகுதியைப் பெறுவார்கள். முதலில் நாலு எழுத்து வாங்கியவர்கள் மட்டுமே அதில் சேர முடியும். சான்றிதழ் சட்டம் போட்டுத் தரப்படும், அதில் எதுவும் எழுதியிருக்காது. முகூர்த்த பேட்ச் அன்றே நிரம்பிவிட்டது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மஜீது ஐந்தருவிக் கடைக்கு வந்தார். முஹ்ஸினா கல்லாவில் உட்கார்ந்திருந்தாள், ஆசிக் பழம் பிரித்துக்கொண்டிருந்தான். மகளுக்குக் கேட்காத தூரத்துக்கு மருமகனைத் தள்ளிக்கொண்டு போனார் மஜீது. அவருடைய அக்கா பேரனுக்குத் தையில் கல்யாணம், பத்திரிகையில் பெரியவராக அவர் பெயர் வருகிறது. விட்ட நாலு எழுத்தைப் பழையபடி சேர்ந்து வாங்கிக்கொண்டிருக்கிறார், அது முடிந்ததும் சேர அந்தப் பெரிய படிப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மாப்ள, நீங்க எங்கயும் படிக்காமலே பேருக்குப் பின்னால ஒண்ணும் இல்லாம ஆக்கிட்டீங்க. ஊரே மலைச்சுப்போச்சு. எனக்கு மட்டும் சொல்லுங்க. அத எப்படிப் பாஸ் பண்ணுனீங்க?”

ஆசிக் ஒரு மங்குஸ்தானைக் கையில் எடுத்தான். கனம் பார்த்தான். நல்ல பழம்தான். அதை மாமனாரின் உள்ளங்கையில் வைத்தான்.

“அது சிலபஸ்ல இல்ல மாமா.”